நம்பராவது கிடைக்கும்

விடிகாலை நாலரைக்கு ராசிபுரத்துக்கு வெளியே ஏரிக்கரை ரோட்டில் ஓடும்போது முதலில் மூக்கில் ஏறுவது கோழிப்பண்ணை வாடைதான். ஓட்டம் முடிந்தால் வேப்பமரம். இரண்டு மரங்களுக்கு நடுவே பழைய போர்வெல் பைப்பைக் கட்டிவைத்திருக்கிறோம். பட்டாளத்து ஆள்சேர்ப்பில், தாடை அப்படியொரு பைப்புக்கு மேல் பத்து முறை ஏறினால் 40 மார்க். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் 60.

அப்பா லாரி டிரைவர். "நாலு வருசம் முடிஞ்சா திரும்ப இங்கதான கண்ணு வரோணும்?" என்கிறார். கேள்வியில் தப்பே இல்லை. 2022 ஜூனில் அறிவித்த, பட்டாளத்துக்கு நாலு வருடத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டத்தில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்குப் போய்விடும். அரசும் அதே அளவு போட்டு, வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்றது அறிவிப்பு. இந்தக் கணக்கு எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு சீசன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனவன் நான். உடம்பெல்லாம் கல்தூள், தூக்கம் வண்டிக்கு அடியில். பேசிய கூலியில் பாதிதான் கைக்கு வந்தது. எட்டு மாதத்தில் என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை, "டேய் பையா"தான். பட்டாளத்தில் ஒரு நம்பராவது உண்டு. தேசபக்தியா? அதுவும் கொஞ்சம் உண்டு, சொன்னால் கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

போன தடவை எனக்கு 5 நிமிடம் 38 வினாடி. நேற்று 5 நிமிடம் 26.