அண்ணன் ஏன் சப்பாத்துப் பேச்சை எடுக்கவில்லை?

“மூவன் தாரலில் குமிந்தான். தாரல் விரிசியதும் சேமலுக்குப் பெழுகினான்.”

மூவன் எங்கே குமிந்தான்? தாரலில். எப்போது பெழுகினான்? தாரல் விரிசியதும். இரண்டுக்கும் முழுப் புள்ளி போடலாம். இந்தச் சொற்களுக்கோ அர்த்தமே கிடையாது. எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. பள்ளிக்கூடத்தில் நாம் கொடுக்கும் கிரகித்தல் பந்திகளில் பலவற்றுக்கு இப்படியே விடை எழுதிவிடலாம். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பந்தியில் தேடிப்பிடித்து, அந்த வரியைப் பெயர்த்து எழுதினால் போதும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை.

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளையை மனதில் வைத்து இன்னொரு பந்தி எழுதிப் பார்த்தேன்:

“கச்சான் காற்று ஓயவில்லை. அம்மாவின் கூடையில் பாதிகூட இல்லை. தராசடியில் கணக்கப்பிள்ளை எழுதியதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தாள். அன்றிரவு அண்ணன் சப்பாத்துப் பேச்சையே எடுக்கவில்லை.”

அண்ணன் ஏன் எடுக்கவில்லை? பந்தியில் எந்த வரியைப் பெயர்த்தாலும் விடை வராது. லயத்தில் வளரும் பிள்ளைக்கு அது வேண்டியதும் இல்லை. வறண்ட காற்றில் கொழுந்து துளிர்க்காது. நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம். அரைப்பேர் விழுந்த நாளில் வீட்டில் காசு கேட்கக்கூடாது. கொழும்பில் மளமளவென்று வாசிக்கும் பிள்ளை ஓர் எழுத்திலும் தடுக்காமல் இதைப் படித்துவிட்டு, அண்ணனுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று எழுதக்கூடும்.

இதை ஆய்வாகவே செய்து பார்த்தவர்கள் உண்டு. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசித்ததை, மைதான மாதிரி ஒன்றின் மேல் மரப் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். ஒரு பிள்ளைக்குக் ‘கிரகிக்கும் திறன் குறைவு’ என்று அறிக்கையில் எழுதும்போது, எதைக் கிரகிக்கும் திறன் என்று கேட்காமல் விடுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். தோட்டப் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் துரைமார் பொறுப்பிலேயே கிடந்து, 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1980 முதல் பாடநூல் இலவசம். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அப்புத்தளைக்கும் ஒரே தமிழ்ப் புத்தகம். அது நியாயந்தான். ஆனால் பனை மரமும் களப்பும் வரும் பந்தியில் மலைநாட்டுப் பிள்ளை தடுமாறினால், அதை மூளையின் குறையாகக் கணக்கெடுப்பது நியாயமில்லை.

அப்படியானால் வாசிப்பு உத்திகளைச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லையா? உண்டு. ஆனால் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைவிடச் சோதிப்பதுதான் அதிகம். இலினோய் பல்கலைக்கழகத்தின் டொலோரஸ் டர்கின் 1970களின் பிற்பகுதியில் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் போய் உட்கார்ந்து நேரம் குறித்தார். சுமார் 4,500 நிமிடங்களில், எப்படி விளங்கிக்கொள்வது என்று ஆசிரியர் கற்பித்தது ஏறக்குறைய 20 நிமிடம். மற்ற நேரமெல்லாம் கேள்வி, விடை, பயிற்சித்தாள். நம் வகுப்பில் யாராவது கடிகாரத்தோடு உட்கார்ந்தால் என்ன தேறும் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

1984இல் ஆய்வாளர்கள் ஆன்மேரி பலின்ஸ்காரும் ஆன் பிரவுனும் ஒரு மாற்றுவழியை வெளியிட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுவாக உட்கார வைத்தார்கள். ஒரு பந்தி வாசித்ததும் ஒரு பிள்ளை ‘டீச்சர்’ ஆகிவிட வேண்டும். சுருக்கிச் சொல்லி, ஒரு கேள்வி கேட்டு, விளங்காத இடத்தைச் சுட்டி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். பிறகு அடுத்த பிள்ளையின் முறை. ஏறக்குறைய 20 பள்ளி நாட்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

இந்த நான்கில் மிகக் கஷ்டமானது விளங்காத இடத்தைச் சுட்டுவதுதான். ஆய்வாளர் எலன் மார்க்மன் 1979இல் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை வாசித்துக் காட்டினார். கடலடியில் வெளிச்சமே இல்லை, நிறம் தெரியாது என்று ஒரு வரி. அங்குள்ள மீன்கள் இரையை நிறத்தால் அறியும் என்று இன்னொரு வரி. இந்த முரண் பல பிள்ளைகளின் கண்ணில் படவேயில்லை. விளங்கவில்லை என்பதே விளங்காத நிலை அது. “விளங்கிச்சா?” என்று கேட்டு “ஓம் டீச்சர்” என்ற கோரஸை வாங்கிக்கொள்வதால் அது மாறாது.

ஒரு எச்சரிக்கை. வேர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹம் பல ஆய்வுகளைப் பார்த்துவிட்டுச் சொல்வது: உத்திகள் சீக்கிரம் பிடிபட்டுவிடும், அதே பயிற்சியை நீட்டினால் பலனும் நீளாது. ஆகவே ஒரு தவணையின் சில வாரங்கள் போதும். மிச்ச வருடத்தை விஷயத்துக்குக் கொடுக்கலாம். இன்று யானை, நாளை காந்தி, மறுநாள் சுகாதாரம் என்று தாவும் உதிரிப் பந்திகளை விட்டுவிட்டு, ஒரே விஷயத்தில் தொடர்ந்து வாசிக்க வைத்தால் முதல் பந்தியில் அறிந்தது மூன்றாம் பந்திக்குக் கைகொடுக்கும்.

அப்புத்தளையில் எங்கே தொடங்கலாம்? பக்கத்தில் தம்பேத்தன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றோட்டத்தில் வாட்டுவதுதான் அங்கே முதல் வேலை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும். முதல் வாசிப்பு அதைப் பற்றியதாக இருக்கட்டும்: இலையிலிருக்கும் தண்ணீர் எங்கே போகிறது? இரண்டாவது, ஆவியாதல். மூன்றாவது, ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த யூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்று. நாலாவது வாசிப்புக்கு மலையை விட்டு இறங்கலாம். வானம் தெளிந்த நாளில் அப்புத்தளை விளிம்பில் நின்றால் தெற்கே சமவெளியும் அதற்கப்பால் கடலும் தெரியும். அந்தக் கரையில்தான் அம்பாந்தோட்டை உப்பளங்கள். அங்கே நடப்பதும் அதே ஆவியாதல்தான். மலையில் கொழுந்தைக் குறைக்கும் வறட்சி கீழே உப்பை விளைவிக்கிறது. தராசடியைக் கண்ட பிள்ளை இங்கே தானாகவே ஒரு கேள்வி கேட்கும்: மழை பெய்தால் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு அரைப்பேரா?