நமுத்த மாத்திரை

நனைந்த பட்டாசு வெடிக்காது. தீபாவளிக்கு முந்தைய நாள் முறத்தில் பரப்பி வெயிலில் காயவைக்கும் வீடுகளுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஈரம் ஏறினால் மருந்து நமுத்துப்போகும், திரி சீறிவிட்டு அணையும். ஆனால் ஈரம் ஏறியதாலேயே பல மடங்கு ஆவேசத்தோடு வெடித்த மருந்து ஒன்று உண்டு. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்களில், ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேரே, அவர் உயிரைக் காப்பதற்கென்றே அது வைக்கப்பட்டிருந்தது.

ஆக்யூரா ஆர்டிஎக்ஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, மெர்சிடிஸ் ஜிஎல்கே. அமெரிக்காவில் சிறிய சொகுசு எஸ்யூவி வாங்கப் போகிறவர் ஒப்பிட்டுப் பார்த்த வண்டிகள் இவை. ஒன்றில் தோல் இருக்கை மெத்தென்றிருக்கும், இன்னொன்றில் இன்ஜின் சத்தமே கேட்காது. அந்த வேறுபாடுகளுக்காகத்தான் பணத்தைக் கொட்டி வாங்கினார்கள். ஆனால் இந்த நான்கின் சில ஆண்டு மாடல்களும், எளிய ஹோண்டா சிவிக்கும் ஒரே ரீகால் பட்டியலில் இடம்பெற்றன. ரீகால் என்றால், விற்ற வண்டியை நிறுவனமே திரும்ப அழைத்துச் செலவில்லாமல் பழுது நீக்கித் தருவது. அத்தனை வண்டிகளின் காற்றுப்பைகளுக்குள்ளும் இருந்தது ஒரே நிறுவனத்தின் உலோகக் குப்பி. அந்த நிறுவனத்தின் பெயர் டகாட்டா.

1933-ல் ஜப்பானின் ஷிகா மாகாணத்தில் நெசவுத் தொழிலில் தொடங்கிய நிறுவனம் அது. பாராசூட்டுக்குக் கயிறு நெய்தார்கள், பிறகு சீட் பெல்ட், அதன்பின் காற்றுப்பை. விழும் மனிதனைத் தாங்கிப் பிடிப்பதுதான் தலைமுறைகளாக அவர்கள் செய்த வேலை. அதனால்தான் இந்தக் கதை எனக்கு இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

காற்றுப்பை விரிவதற்குக் கிடைக்கும் நேரம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். எந்தப் பம்பும் அவ்வளவு வேகமாகக் காற்றடிக்காது. ஆகவே பைக்குப் பின்னால் ஓர் எஃகுக் குப்பி இருக்கிறது. இன்ஃப்ளேட்டர் என்பது அதன் பெயர். உள்ளே அழுத்திச் செய்த மாத்திரைகள். மோதலை உணர்ந்ததும் மின்பொறி பறக்கும், மாத்திரைகள் எரியும், அவற்றிலிருந்து பீறிடும் வாயு பையை நிரப்பும்.

தொடக்க காலத்தில் இந்த மாத்திரைகளுக்கு சோடியம் அசைடு என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். அது கொடிய நஞ்சு என்பதால் மாற்றுகளைத் தேடினார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி டகாட்டா எடுத்துக்கொண்ட மாற்று அம்மோனியம் நைட்ரேட். வயலுக்கு உரம், சுரங்கத்தில் பாறை பிளக்கும் வெடி என்று இரண்டு வேலைக்கும் போகும் மலிவான உப்பு. எரிந்தால் அநேகமாக முழுவதும் வாயுவாகிவிடும்: நைட்ரஜன், நீராவி, ஆக்சிஜன். சாம்பலும் புகையும் குறைவு, குப்பியைச் சிறிதாக்கலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

ஆனால் அந்த உப்புக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அதன் படிகம் ஒரே வடிவத்தில் அடங்கி இருக்காது. சுமார் 32 டிகிரி செல்சியஸில் அணுக்களின் அடுக்கு மாறிவிடும். கன அளவு மூன்றரை சதவீதத்துக்கும் மேல் கூடும். குளிர்ந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். 32 டிகிரி என்பது உலையின் வெப்பமல்ல, சாதாரண ஒரு பகலின் வெப்பம். வெயிலில் மூடி நிறுத்திய கார் ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். இதை டகாட்டாவின் வேதியியலாளர்கள் அறிந்தே இருந்தார்கள். வேறு உப்புகளைச் சேர்த்து அந்த மாற்றத்தை அடக்கி, ‘நிலைப்படுத்திய’ அம்மோனியம் நைட்ரேட்டைத்தான் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது குணத்தை அடக்குவது கடினம். அது ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில் அடுப்பங்கரை உப்பு ஜாடி நீர்விட்டு நசநசப்பதைப் பார்த்திருப்போம். அதைவிடப் பேராசைக்காரன் இந்த உப்பு. குப்பியை மூடித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு துளி ஈரமும் நுழையாதபடி மூடுவது என்பது வேறு விஷயம். பகலில் சூடேறும்போது உள்ளே இருக்கும் ஈரம் மாத்திரையை விட்டு எழும், இரவில் குளிரும்போது மறுபடி மாத்திரைக்குள் இறங்கும். நாளுக்கு ஒருமுறை, வருடக்கணக்கில், மாத்திரை கண்ணுக்குத் தெரியாமல் மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் உப்பி, கொஞ்சம் தளர்ந்து, இறுகிக் கிடந்த துகள்களுக்கிடையே நுண்துளைகள் விழுகின்றன.

நமுத்த பட்டாசுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பட்டாசில் ஈரம் மருந்தோடு தங்கித் தீயை அணைக்கிறது. இங்கே ஈரத்தின் அளவு மிகச் சிறிது. தீயை அணைக்கும் அளவுக்கு அது போதாது. அது செய்யும் வேலை மாத்திரையின் உடற்கட்டைக் குலைப்பது மட்டும். திடப்பொருள் எதுவும் மேற்பரப்பில்தான் எரியும். ஒரு விறகுக் கட்டை நின்று நிதானமாக எரிகிறது, அதையே சிராய் சிராயாகச் சீவிப் போட்டால் குப்பென்று பிடித்துக்கொள்கிறது. மரம் ஒன்றுதான், தீக்குக் கிடைத்த பரப்புதான் வேறு. துளை விழுந்த மாத்திரைக்குள் தீ வெளியிலிருந்து மட்டும் நுழைவதில்லை, ஒவ்வொரு துளை வழியாகவும் பாய்கிறது. வாயு தேவைக்கு மேல் வேகமாகப் பெருகுகிறது. அழுத்தம் கூடினால் எரிதல் இன்னும் விரைவாகும், எரிதல் விரைந்தால் அழுத்தம் இன்னும் கூடும். அந்தச் சுழலுக்கு எஃகுக் குப்பி தாங்காது. அது சிதறும்போது காற்றுப்பையைக் கிழித்துக்கொண்டு உலோகச் சில்லுகள் ஓட்டுநரின் முகத்துக்கும் கழுத்துக்கும் பாய்கின்றன. 2014-ல் ஃப்ளோரிடாவில் ஒரு கார் விபத்தில் இறந்த பெண்ணின் கழுத்துக் காயங்களைப் பார்த்த காவல்துறையினர், முதலில் யாரோ கத்தியால் குத்தியிருக்கக்கூடும் என்றே சந்தேகித்தார்கள்.

அமெரிக்காவில் மட்டும் குறைந்தது 28 பேர் இப்படி உயிரிழந்தார்கள். காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஈரமும் வெப்பமும் மிகுந்த மலேசியாவிலும் உயிர்கள் போயின.

இதைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு காலம் ஆனது என்பதுதான் என்னை விடாமல் உறுத்தும் கேள்வி. 2004-ல் அலபாமாவில் ஒரு காற்றுப்பை சிதறியது. எப்போதோ ஒருமுறை நேரும் விதிவிலக்கு என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். 2008 நவம்பரில் ஹோண்டா சுமார் 4,000 கார்களைத் திரும்ப அழைத்தது. குறிப்பிட்ட காலத்தில் மெக்சிகோ ஆலையில் மாத்திரைகள்மீது அதிக ஈரம் பட்டுவிட்டது என்பது அப்போது சொன்ன காரணம். அடுத்த ஆண்டே இன்னும் பல லட்சம் கார்கள் சேர்ந்தன. இம்முறை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆலையில் மாத்திரை அழுத்தும் எந்திரம் சரியாக அழுத்தவில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பழி ஓர் ஆலைமீதும் ஒரு தேதிமீதும் விழுந்தது. எங்கே செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று கேட்டார்கள். வண்டி எங்கே நின்றுகொண்டிருந்தது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

2014 கோடையில் அந்தக் கேள்விக்கு விடை தெரியத் தொடங்கியது. ஃப்ளோரிடா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகள் ஆகிய இடங்களில் பதிவான வண்டிகளை மட்டும் முதலில் திரும்ப அழைத்தார்கள். பழைய குப்பிகளைக் கழற்றித் திரட்டிச் சோதித்தார்கள். 2016 பிப்ரவரியில், ராக்கெட்டுக்குத் திட எரிபொருள் செய்யும் ஆர்பிட்டல் ஏடிகே நிறுவனம், கார் நிறுவனங்களின் கூட்டமைப்புக்காக நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. ஈரம் உறிஞ்சும் உலர்த்திப் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை உள்ளே விடும் குப்பியின் அமைப்பு, வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்கும் சூழல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்ததே காரணம் என்றது அது. எரிபொருள் உருளையில் விழும் மயிரிழைப் பிளவுகூட ராக்கெட்டை என்ன செய்யும் என்று அறிந்தவர்களின் தீர்ப்பு அது.

அதன்பின் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நாட்டையே தட்பவெப்பத்தை வைத்து ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. புழுக்கம் மிகுந்த தென்மாநிலங்களுக்கும் தீவுகளுக்கும் மாற்றுக் குப்பி முதலில், குளிர்ந்த வடக்குக்குக் கடைசியில். ஒரு ரீகால் ஆணை வானிலை வரைபடமாக மாறிய அந்தத் தருணத்தை எண்ணினால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. ஒரே நாளில், ஒரே ஆலையில் பிறந்த இரண்டு எக்ஸ்3 வண்டிகளில் ஒன்று மயாமிக்குப் போனது, மற்றொன்று மினசோட்டாவுக்குப் போனது. பத்து ஆண்டுகள் கழித்து அவை இரண்டும் ஒரே வண்டி அல்ல.

மாற்றுக் குப்பிகள் போதாததால், சில வண்டிகளில் பழைய குப்பியை எடுத்துவிட்டு அதே வகையில் புதியதைப் பொருத்தினார்கள், அதையும் பின்னர் கழற்றியாக வேண்டும் என்று தெரிந்தே. புதிய மாத்திரை கெட்டுப்போகச் சில வருடங்கள் ஆகும், அந்த அவகாசம் கிடைத்தால் போதும் என்பது கணக்கு. அமெரிக்காவில் மட்டும் மாற்றவேண்டியிருந்த குப்பிகள் சுமார் 6.7 கோடி. வாகன வரலாற்றில் இதைவிடப் பெரிய ரீகால் இல்லை. தகவல்களை மறைத்து வாடிக்கையாளர்களை ஏமாற்றியதாக 2017-ல் டகாட்டா குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டமும் இழப்பீடுமாக 100 கோடி டாலர். அதே ஆண்டு திவாலானது.

தண்ணீர் இந்த வண்டிகளை விட்டபாடில்லை. 2017 தொடக்கத்தில் ஆடி நிறுவனம் அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட க்யூ5 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இதற்கும் டகாட்டாவுக்கும் தொடர்பில்லை, இங்கே குற்றவாளி கூரை. சன்ரூஃப் வைத்த கார்களின் கூரை நீர்புகாததல்ல என்பது பலருக்குத் தெரியாது. ரப்பர் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் மழைநீர் உள்ளே வரத்தான் செய்யும். ஓட்டு வீட்டுக் கூரையில் தகரக் கால்வாய் வைப்பதுபோல, சுற்றிலும் ஒரு சிறு வாய்க்கால் அதைப் பிடித்து, தூண்களுக்குள் ஒளிந்திருக்கும் குழாய்கள் வழியாகத் தரைக்கு அனுப்பும். க்யூ5-ல் அந்த வடிகால் பிசகினால், பக்கத் திரைக் காற்றுப்பையின் குப்பியைச் சுற்றியிருந்த பஞ்சில் நீர் தேங்கியது. குப்பி துருப்பிடித்தது. துருவேறிய குப்பி, விபத்தில் பை விரியும் கணத்தில் உடைந்து சிதறக்கூடும். வேறொரு ரீகாலில், க்யூ5-ன் பின் இருக்கையில் கொட்டிய பானம் இருக்கைக்கு அடியில் இருந்த மின்னணுப் பெட்டிக்குள் இறங்கியது. ஓடும்போதே இன்ஜின் வலுவிழக்கலாம் என்பதால், பெட்டிக்கு ஒரு மூடி போட்டார்கள்.

நிறுவனம் வடிவமைக்கும்போது எதிர்பார்க்காத எத்தனையோ விஷயங்களை வண்டி சாலையில்தான் சந்திக்கிறது: கோடைமழை, உதிர்ந்த இலை, பின்சீட்டில் காபியோடு ஒரு குழந்தை. அவற்றை முதலில் காண்பவர் உரிமையாளர். காலடிக் கம்பளம் காரணமில்லாமல் நனைந்திருக்கிறது என்று ஒருவர் புகார் எழுதினால், சர்வீஸ் சென்டரில் அது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் அந்த வரி அரசின் புகார்க் களஞ்சியத்தில் சேர்ந்து, வேறொரு மாநிலத்துப் புகாருக்குப் பக்கத்தில் போய் உட்காரும். பொறியாளர்கள் படிப்பார்கள், ஒத்தவை சேர்ந்தால் விசாரணை தொடங்கும். பாதுகாப்புக் குறை என்று முடிவானால், நிறுவனம் ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும்.

எத்தனை புகார் சேர்ந்தால் அது சான்று? 1998-ல் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், ஃபயர்ஸ்டோன் டயர்கள் உரிந்துபோன 21 இழப்பீட்டு விண்ணப்பங்களைக் கவனித்து அரசுக்கு எழுதினார். கோடிக்கணக்கான டயர்களில் 21 என்று அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவையும் வெப்ப மாநிலங்களில்தான் அதிகம் உரிந்தன. அந்த 21 பேரையும் அன்றே நம்பியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவில் ஹோண்டா, டகாட்டா குப்பிகளுக்காகப் பலமுறை கார்களைத் திரும்ப அழைத்தது. ஆண்டு முழுவதும் புழுங்கும் நம் கடற்கரை நகரங்களில் அந்த மாத்திரைகளுக்குச் சிரமமான நாட்களே அதிகம். 2021 ஏப்ரல் முதல், போதிய எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்கும் விதி இங்கும் இருக்கிறது.

ரீகால் கடிதம் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குப் போகும். சொகுசு வண்டி அந்த முகவரியிலேயே இருப்பதில்லை. முதல் உரிமையாளர் நான்கைந்து ஆண்டில் விற்றுவிடுவார். இரண்டாமவர் கைமாற்றுவார். மூன்றாவது கையில், சல்லிசான விலையில், ஒரு மாணவரோ கடைநிலை ஊழியரோ வாங்கியிருப்பார். மாத்திரை மிகவும் நொந்துபோயிருப்பது அந்த வண்டியில்தான், கடிதம் போய்ச்சேராததும் அந்த வண்டிக்குத்தான். டகாட்டாவால் இறந்தவர்களில் பழைய கார் வாங்கியவர்களும் இருந்தார்கள். செகண்ட் ஹேண்டில் வண்டி பார்க்கப் போகிறவர்கள் கிலோமீட்டரையும் டயரையும் பார்ப்பதோடு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் இணையதளத்தில் அதைத் தட்டினால், முடிக்காத ரீகால் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே பழைய உரிமையாளரைப் பழுது நீக்கச் சொல்லுங்கள். அவருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை.