கலங்கரை விளக்கம்: எவ்வளவு உயரம் போதும்?

மாணவர்களே, இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கலங்கரை விளக்கம்தான் அத்தீவிலேயே மிக உயரமானது. 1889இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் உயரம் 49 மீட்டர். சூயஸ் கால்வாய் வழியாகச் சிங்கப்பூருக்கும் போர்ட் கிள்ளானுக்கும் வரும் கப்பல்கள் இந்த முனைக்குத் தெற்கே கடந்து வருகின்றன.

அந்த ஒளி எவ்வளவு தூரம் தெரியும்? விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஒரு தடை உண்டு. அதுதான் பூமியின் வளைவு. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது. கடல் மட்டமோ பூமியோடு சேர்ந்து வளைகிறது. ஆகவே, குறிப்பிட்ட தூரத்துக்குப் பிறகு கடலே விளக்கை மறைத்துவிடும்.

அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் கற்ற பித்தாகரஸ் தேற்றம் போதும். பூமியின் மையம், விளக்கு, தொடுவானம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதிலிருந்து எளிய சூத்திரம் ஒன்று பிறக்கிறது: விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் வரும். விளக்கு 49 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 7 × 3.57 = ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கப்பலில் 16 மீட்டர் உயரத்தில் நிற்கும் மாலுமிக்கும் இதேபோல் 14 கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் 39 கிலோமீட்டர்.

கோபுரத்தை இன்னும் உயர்த்தினால் என்ன என்று கேட்பீர்கள். 25 கிலோமீட்டரை 50 ஆக்க, உயரத்தை இரு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்கு வேண்டும். அதாவது 196 மீட்டர்! எனவே ஒரே கோபுரத்தை உயர்த்துவதைவிட, ஆபத்து இருக்கும் இடத்திலேயே இன்னொன்றைக் கட்டுவதுதான் அறிவுடைமை.

அப்படி ஓர் இடம், தேவேந்திரமுனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்திட்டு. கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால், நடுக்கடலில் இருக்கிறது. 1961இல் சுழியோடிகள் அங்கே மூழ்கிய ஒரு கப்பலின் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். அவை ஔரங்கசீப் காலத்தவை. அந்தக் கப்பலை எச்சரிக்க அன்று அங்கே விளக்கு இல்லை.

1873இல்தான் அப்பாறைமேல் விளக்கு ஏற்றப்பட்டது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் டக்ளஸ். கட்டியவர் அவருடைய தம்பி வில்லியம். ஸ்காட்லாந்தில் செதுக்கிய கருங்கற்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். தச்சர் பலகைகளைக் கோப்பதுபோல, ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு பூட்டிக்கொள்ளும்படி செதுக்கப்பட்டது. அதனால் அலை ஒரு கல்லை மட்டும் பெயர்த்தெடுக்க முடியாது. 2004இன் சுனாமியில் சேதமடைந்தும் கோபுரம் சாயவில்லை.

உயரம் மட்டும் போதாது. ஒளி சிதறவும் கூடாது. சாதாரண விளக்கு எல்லாத் திசையிலும் ஒளியை வீணாக்கும். பிரெஞ்சு அறிவியலாளர் பிரெனெல் வளையம் வளையமாகக் கண்ணாடிப் பட்டகங்களை அடுக்கி, ஒளியைத் திரட்டிக் கடலை நோக்கித் திருப்பினார். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதலில் பயன்பட்டது. இருட்டில் எந்த விளக்கு எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றும் தனக்குரிய கால இடைவெளியில் மின்னும். மாலுமி விநாடிகளை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு அறிந்துகொள்வார்.

இன்று ஜிபிஎஸ் இருக்கிறதே என்கிறீர்களா? அதன் சமிக்ஞை வலுக்குறைந்தது. அதைக் குலைக்கவும் முடியும். ஒரு கருவி தவறும்போது, அதைச் சாராத இன்னொரு சாட்சி வேண்டும். கண்ணால் காணும் ஒளி அத்தகைய சாட்சி.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. கடற்கரையில் நிற்கிறீர்கள். உங்கள் கண் கடல் மட்டத்திலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை ஐந்தைத் தாண்டாது!