எடைக்குப் போட்டதோடு பொறுப்பு முடிவதில்லை

மளிகைக் கடைக்கும் அபாயக் கழிவுச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் வணிகப் பெருமக்கள் பலர் கேட்கிறார்கள். அது ரசாயன ஆலைக்காரர்கள் பாடு, அரிசி பருப்பு விற்கும் நமக்கு எதற்கு என்பது பொதுவான எண்ணம். ஆனால் நம் கடையையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி. பின்கட்டில் ஜெனரேட்டர், பக்கத்தில் டீசல் கேன், அதிலிருந்து மாற்றிய கறுப்பு எண்ணெய் ஒரு டப்பாவில். மூலையில் எரிந்துபோன டியூப் லைட்டுகள், பழுதான பில் கம்ப்யூட்டர். இவை எல்லாவற்றுக்கும் விதிகள் இருக்கின்றன. அவற்றில் பல 2022க்குப் பிறகு மாறியிருக்கின்றன. நமக்கு வேண்டியதை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறோம்.

சட்டம் வந்த வழி

1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்த பிறகு, 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989இல் அபாயக் கழிவு விதிகள் வந்தன. அவை பல முறை திருத்தப்பட்டு 2016இல் புதிதாக வெளியிடப்பட்டன. பேட்டரிக்கும் மின்னணுக் கழிவுக்கும் 2022இல் தனித்தனியே புதிய விதிகள் வந்தன. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் வைத்திருப்பதற்கு 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டமும் 2002ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன.

பழைய பேட்டரி

2001ஆம் ஆண்டின் விதிகள் ஈய பேட்டரியை மட்டுமே பேசின. 2022 விதிகள் டார்ச் செல், கடிகார பட்டன் செல், வண்டி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டன. பயன்படுத்துபவர் பழைய பேட்டரியைக் குப்பையோடு கலக்கக் கூடாது. சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் நடப்பது வேறு. புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதற்குக் கழிக்கும் தொகையைவிடப் பழைய இரும்புக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார். அதிலும், ஆசிட்டைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள் என்கிறார். ஆசிட் சாக்கடைக்குப் போகிறது. ஈயத்தட்டு ஏதோ ஒரு கொட்டகையில் திறந்த அடுப்பில் உருகுகிறது. அந்தப் புகையும் தூசியும் அங்கு வேலை செய்பவரையும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேருகின்றன. ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். நமக்குக் கிடைத்த கூடுதல் பணம் அந்த வழியில் வந்ததுதான்.

மொத்த வியாபாரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறொருவர் தயாரித்த செல்லையோ, பேட்டரி உள்ள டார்ச் லைட்டையோ நம் சொந்த பிராண்டு போட்டு விற்றால், சட்டத்தின் கண்ணில் நாம் வியாபாரி அல்ல, உற்பத்தியாளர். வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்தாலும் அப்படியே. அப்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்வதும், சந்தைக்கு அனுப்பிய பேட்டரிக்கு ஈடாகப் பழையதை மறுசுழற்சிக்கு அனுப்ப வைப்பதும் நம் பொறுப்பாகும். பிராண்டு அச்சிடக் கொடுக்கும் முன்பே இதை யோசிக்க வேண்டும்.

கழிவு எண்ணெயும் டியூப் லைட்டும்

ஜெனரேட்டரிலும் லாரியிலும் மாற்றிய எண்ணெய் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. அதை மண்ணில் ஊற்றுவதும், எரிக்கக் கொடுப்பதும் தவறு. 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கவும் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். மெக்கானிக் கடையில் எண்ணெய் மாற்றினால், பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. அதை உடைத்துக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அதுவும் பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், ஃபிரிட்ஜ் ஆகியவையும் மின்னணுக் கழிவு விதிகளில் அடங்கும்.

பாதரசம் என்றதும் கொடைக்கானல் நினைவுக்கு வர வேண்டும். அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்றின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, 2001இல் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் குவிந்து கிடந்தது தெரிய வந்தது. எடைக்கு விற்றாகிவிட்டது என்று யாரும் விட்டுவிடவில்லை. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பொருள் கைமாறினாலும் பொறுப்பு கைமாறவில்லை.

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல்

டீசலும் மண்ணெண்ணெயும் இரண்டாம் வகுப்பு பெட்ரோலியம். ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்து மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்த ஒரு கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் பெட்ரோலியம் உரிமம் வேண்டியதில்லை. 200 லிட்டர் டிரம் 12 வைத்தால் 2,400 லிட்டர். பதின்மூன்றாவது டிரம் வந்தால் எல்லை தாண்டிவிடும். இந்த விலக்கு வைத்திருப்பதற்கு மட்டுமே. விற்பதற்கான அனுமதி வேறு.

பெட்ரோல் முதல் வகுப்பு. விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை மட்டுமே உரிமம் இன்றி வைத்திருக்கலாம். அதுவும் நன்றாக மூடிய கண்ணாடி, பீங்கான் கலமானால் 1 லிட்டருக்குள், உலோகக் கலமானால் 25 லிட்டருக்குள். பிளாஸ்டிக் பாட்டில் சட்டத்தில் சொல்லப்படவே இல்லை. கிராமப்புறங்களில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கடை வாசலில் தொங்கவிட்டு விற்பதைப் பார்க்கிறோம். ஒரு பாட்டில் விற்றாலும் இந்த விலக்கு கிடையாது. பீடி பற்றவைக்கும் நெருப்புக் கயிறு தொங்கும் அதே வாசலில் அது தொங்குகிறது என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா?

தரைக்கடித் தொட்டி

சொந்த லாரி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் சிலர் குடோனில் தொட்டி புதைத்து டீசல் வைக்க நினைக்கிறார்கள். 2,000 லிட்டர்தானே, 2,500க்குள் அடங்குமே என்பது தவறான கணக்கு. ஒரே கலம் 1,000 லிட்டரைத் தாண்டியதால் உரிமம் கட்டாயம். உரிமம் வழங்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தை அணுகாமல் குழி தோண்டக் கூடாது.

காரணம் எளிது. தரைக்கு மேலே டிரம் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். புதைத்த இரும்பு துருப்பிடித்துச் சிறு துளை விழுந்தால் பக்கத்துக் கிணற்றில் வாடை வரும்வரை தெரியாது. சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் குடியிருப்புகளின் நிலத்தடி நீரில் கலந்து, மக்கள் தண்ணீருக்குத் தவித்தார்கள். ஆகவே தொட்டி வைத்திருப்பவர்கள் தினமும் அளவுகோல் விட்டுப் பார்த்து, எடுத்த அளவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். கணக்கு உதைத்தால் முதலில் வேலையாளைச் சந்தேகிக்காமல் தொட்டியைச் சந்தேகியுங்கள்.

தண்டம்

முன்பு சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. வழக்கு நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டே போகும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியே விசாரித்து 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். சிறைப் பயம் குறைந்தது என்று மகிழ்வதைவிட, கல்லாவுக்கு வந்த ஆபத்து கூடியது என்று கொள்வதே சரி.

செய்ய வேண்டியவை சிலவே. பேட்டரியைப் பில் வாங்கிக்கொண்டு, ஆசிட்டோடு அப்படியே, விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கழிவு எண்ணெய், மின்னணுச் சாமான் கொடுக்கும்போது வாங்குபவரின் பதிவுச் சான்றின் நகலும் ரசீதும் கேட்டு வாங்கி, ஒரு தனிக் கோப்பில் வையுங்கள். டீசலையும் கழிவையும் உணவுப் பண்டம் இருக்கும் இடத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

ஒரு கடையின் நான்கு டியூப் லைட்டுக்காக மறுசுழற்சிக்காரர் வண்டி அனுப்ப மாட்டார். கடைவீதியில் நூறு கடை சேர்ந்து மாதத்துக்கு ஒரு நாள் குறித்தால் வருவார். சங்கம் என்று ஒன்று நமக்கு இருப்பது இதற்கும்தான். அந்தந்தக் கிளை நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி ஒரு நாளைக் குறிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.