பெரட்டில் விடுபட்ட பெயர்கள்

நீண்ட யுத்தங்களில் ஒவ்வொரு சேனையும் தான் இழந்தவற்றை எண்ணி எழுதி வைக்கிறது. 1942 ஜனவரி 18ஆம் நாள், மலாக்கா எல்லைக்குத் தெற்கே மூவாரை அடுத்த பக்ரியில் ஜப்பானியர் இழந்த டாங்கிகள் 9 என்பது நூல்களில் பதிவாகியிருக்கிறது. மலாயா, சிங்கப்பூர்ப் போரில் அவர்கள் இழந்த வீரர் சுமார் 3,500 பேர். படைவீரனுக்கு எண் உண்டு; கழுத்திலே பெயர்த் தகடு உண்டு. அவன் காணாமற்போனால் பட்டாளத்து எழுத்தர் அதைக் குறித்தாக வேண்டும்.

தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பெயர் வாசிக்க ஆளுக்கு ஆள் குரல் கொடுப்பர். வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை. கூலிக்காக ஏற்பட்ட கணக்கே அது. ஆயினும் ஆள் இருக்கிறானா, இல்லையா என்பதை நாள்தோறும் சொல்லிற்று.

சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்கத் துணிந்த ஜப்பானியருக்கு இரும்பும் ஆளும் தேவைப்பட்டன. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஓடிய 20 மைலுக்குச் சற்று மிகுந்த கிளைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு அங்கே சென்றன. அப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை. போன இரும்புக்கு இவ்வாறு நீளம் சொல்ல முடிகிறது. மலாயாவிலிருந்து சென்ற ஆட்களையோ ஏறத்தாழ 75,000 என்று மட்டுமே சொல்ல இயலும். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். மாண்டவர் 12,000க்கு மேல். கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவரும் இருந்தனர். இறந்தோர் பட்டியலை இரகசியமாக எழுதி, தகரக் குவளையில் அடைத்துப் பிணத்தோடு புதைத்தவர்களும் உண்டு. தமிழர் முகாம்களிலோ மருத்துவரே அரிது. 1943இல் வாந்திபேதி பரவியபோது பிணங்கள் ஒரே குழியில் தள்ளப்பட்டன, அல்லது எரிக்கப்பட்டன. எழுதுவார் யார்?

1945 செப்டம்பரில் கல்லறை தேடும் குழுவொன்று அப்பாதை நெடுகச் சென்றது. 144 இடுகாடுகளில் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது; கிடைக்காதவை 52 மட்டுமே. பட்டியலின் பயன் அத்தகையது. அது தேடியது படைவீரரையே. ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 80,000 என்பாரும் 1,00,000 என்பாரும் உளர். இவ்விரு மதிப்பீடுகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே, இறந்த கைதிகளின் மொத்தத் தொகையை விஞ்சுகிறது!

1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்பு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றோடு எந்தப் பெயர்த் தகடும் இல்லை.