கெலவரப்பள்ளிக்கு வரும் காவிரி

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் நுரைதான் கண்ணில் படும். பஞ்சுப்பொதியாகக் குவிந்து, காற்றடித்தால் பிய்ந்துபோய்ப் பக்கத்து வயல்களில் விழுகிறது. கூடவே மூக்கைத் துளைக்கும் வாடை. நீரில் கரைந்துள்ள சோப்பு, சலவைத்தூள் கழிவுகள் மதகிலிருந்து விழும் வேகத்தில் காற்றோடு கலந்து பொங்குகின்றன.

அணை கட்டப்பட்டுள்ள தென்பெண்ணை ஆறு பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலையில். ஆனால் கோடையில் அணைக்கு வருவது பெரும்பாலும் பெங்களூரு புழங்கிவிட்ட தண்ணீர். அந்த நகரம் காவிரியைச் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து குழாயில் ஏற்றிக் குடிக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டத்தில் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். வீடுகளைக் கடந்த அந்த நீரில் ஒரு பகுதி, சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. இன்னொரு பகுதி நகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் இறங்குகிறது. காவிரிதான், கழிவாகி வேற்று ஆற்றின் வழியே தமிழ்நாட்டுக்குள் வருகிறது.

இப்படிக் கெடுக்கும் அளவுக்கு நன்னீர் நம்மிடம் இல்லை. பூமியிலுள்ள நீரில் அது 2.5 சதவீதம்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டி. மிச்சத்தில் பெரும்பகுதி நிலத்தடியில். நன்னீரைப் புதுப்பிப்பது மழைதான். கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கடலிலேயே நின்றுவிடுகிறது. ஆவி சராசரியாகப் பத்து நாளில் மழையாகத் திரும்புகிறது. அணைநீரும் அப்படித்தான் ஆவியாகிறது. ஆனால் அதிலுள்ள அழுக்கு, அணையின் அடியிலும் பாசன நிலத்திலும் தங்கிவிடுகிறது.

நிலத்தடி நீரை நம்பலாமா? ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை பூமி. வெடிப்பு உள்ள இடத்தில்தான் மழைநீர் ஆழத்துக்கு இறங்கும். பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது. அதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதுவும் காவிரிதான்.

மழை பெய்யாமலும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது இதே மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல்! தேக்கிவைக்க இடமின்றி வெள்ளம் தென்பெண்ணையில் சாத்தனூர் அணையைத் தாண்டிக் கடலூரில் கடலுக்குப் போனது.

ஆக, வருகிற நீரைக் கெடாமல் காப்பதே வழி. பெங்களூரு தன் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்தே ஆற்றில் விட வேண்டும். இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் எல்லையில் சேர்ந்து நீரைச் சோதித்து, முடிவை அன்றன்றே மக்களுக்குச் சொல்ல வேண்டும். ஓசூரின் சாக்கடைக்கும் ஆலைக் கழிவுக்கும் இதே விதிதான். கெலவரப்பள்ளிக் கால்வாயை நம்பிப் பயிர் வைத்தவர்கள் இந்த நீரைத்தான் பாய்ச்சுகிறார்கள்.