காற்றைப் பார்த்து ஊர் சுற்ற தாரிஃபா

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் கைட்சர்ஃபிங்குக்கு ஐரோப்பாவில் பேர்போன ஊர் ஸ்பெயினின் தாரிஃபா. ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகும் இடத்தில் அகலம் சுமார் 14 கிலோமீட்டர்தான். எதிரே மொராக்கோ மலைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இரு கரையிலும் மலைகள் நெருக்குவதால், நடுவே புகும் காற்று வேகம் பிடித்துவிடுகிறது.

இங்கே "திங்கள் கடல், செவ்வாய் கோட்டை" என்று தேதி போட்டுத் திட்டமிட்டால் பாதி நாள் வீணாகும். எந்தக் காற்றுக்கு எந்த ஊர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்காற்றுக்குப் பெயர் பொனியந்தே. அட்லாண்டிக்கிலிருந்து ஓரளவு சீராக வரும். தடுமாறி விழுந்தாலும் கரைப்பக்கம்தான் ஒதுக்கும். புதியவர்களுக்கு அதுதான் பாடம் படிக்கும் நாள். கீழ்க்காற்றான லெவாந்தே முரடு. மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டியும் அடிக்கும். ஊரை ஒட்டிய லோஸ் லான்செஸ் கடற்கரையில் அது கடலைப் பார்த்து வீசுவதால், பட்டம் விழுந்தால் ஆள் ஆழத்துக்குப் போய்விடுவார். வல்தேவக்கேரோஸ் கடற்கரைப் பக்கம் மணல்மேடு நகர்ந்து சாலையையே மூடிவிடும். கைதேர்ந்தவர்கள் சின்னப் பட்டத்தோடு இறங்குவார்கள். அவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். காரை எடுத்துக்கொண்டு, குன்றின்மேல் வெள்ளை வீடுகள் நிற்கும் வெஹேருக்கோ, காடிஸ் நகருக்கோ போய்விடுங்கள்.

காற்றே இல்லையா? அருகிலுள்ள பொலோனியாவில் பாயெலோ கிளாடியா இருக்கிறது. சூரை மீனை உப்பிட்டு விற்றே பிழைத்த ரோமானிய ஊர். மீனை ஊறப்போட்ட கல்தொட்டிகள், வட்டமும் சதுரமுமாகக் கடலோரத்தில் இன்றும் அப்படியே கிடக்கின்றன. என்னைக் கேட்டால் தாரிஃபா கோட்டையைவிட இதுதான் பார்க்க வேண்டியது.

மொராக்கோவின் தாஞ்சியருக்குக் கப்பலில் ஒரு மணி நேரம். அதற்கும் அமைதியான நாள்தான் தோது. லெவாந்தே பலத்தால் கப்பல் நின்றுபோகும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவோடு தாஞ்சியருக்குப் போனால் ஸ்பெயினுக்குத் திரும்ப முடியாது. பலமுறை நுழையும் விசா வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். மொராக்கோ விசா தனி.

கிரனாடா நகரின் அல்ஹாம்பிரா கோட்டை மட்டும் காற்றுக்கு வளையாது. முன்பதிவில் தேதியோடு, நஸ்ரிய அரண்மனைகளுக்குள் நுழையும் நேரமும் குறித்துவிடுவார்கள். அதைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள். கைட்சர்ஃபிங் பயிற்சி வகுப்பை முதல் நாட்களிலேயே தொடங்கினால், காற்று ஏமாற்றினாலும் ஈடுகட்ட அவகாசம் இருக்கும். பலகையில் எழுந்து நிற்கவே பலருக்கு மூன்று, நான்கு நாள் ஆகிவிடும்.

பட்டம், பலகை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சுமந்து போக வேண்டாம். கோடையிலும் தண்ணீர் குளிரும் என்பதால் வெட்சூட் கட்டாயம். பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டு என்ற பகுதியைப் படியுங்கள். பல பாலிசிகளில் கைட்சர்ஃபிங் விலக்குப் பட்டியலில் இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.